மூக்கு பொருந்தலையே, மாமா!

வீட்டிலேயே விமானம் கட்டும் அமெரிக்கர்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். தபால் குவிந்துவிட்டது. பாதிக்கு மேல் ஃபைபர்கிளாஸ் புலம்பல். அதிலும் டெக்சாஸ் தம்பதி ஒன்று ஆளுக்கொரு கடிதமாகப் போட்டு என்னை நடுவராக்கிவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்க இந்த வழக்குதான். சினிமா கேள்விகள் காத்திருக்கட்டும்.

வீட்டில் விமானம் கட்டுவதா? கேட்கவே வயிற்றைக் கலக்குகிறதே! (வாசகி, கும்பகோணம்)

உலகின் முதல் விமானமே வீட்டுத் தயாரிப்புதான் அம்மா. சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் ஸ்ப்ரூஸ் மரத்தையும் மஸ்லின் துணியையும் வைத்துக் கட்டி, 1903-ல் பறந்தார்கள். கம்பெனி விமானம் என்பது பிற்பாடு வந்த நாகரிகம்.

அமெரிக்க அரசு இதற்கெல்லாம் அனுமதி கொடுக்கிறதா? (வழக்கறிஞர், மதுரை)

கொடுக்கிறது. பெரும்பகுதி வேலையை அமெச்சூர் கையே செய்திருக்க வேண்டும். அதுவும் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்கவோ. 51 சதவீத விதி என்று செல்லப் பெயர். அரைகுறை வேலைக்கு அங்கீகாரமா என்று சிரிக்காதீர்கள். அரைக்கு மேல் என்பதுதான் சட்டம். குறை இல்லாமல் பார்த்துக்கொள்வது கட்டுகிறவர் பாடு.

அலுமினிய விமானம் என்கிறார்கள். ஃபைபர்கிளாஸ் எங்கே வந்தது? (பாலிடெக்னிக் மாணவர், கரூர்)

நல்ல கேள்வி, தம்பி. ஆரிகன் மாநிலத்து அரோராவில் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் என்று ஒரு நிறுவனம். ரிச்சர்ட் வேன்க்ரன்ஸ்வன் 1973-ல் தொடங்கியது. அவர்கள் விற்கும் ஆர்.வி. ரக கிட்டுகளைப் பிரித்துக் கட்டிப் பறந்த விமானங்கள் 2017-லேயே 10,000-ஐத் தொட்டுவிட்டன. உடம்பெல்லாம் அலுமினியம்.

ஆனால் தகடு ஒரு பக்கமாக வளையச் சொன்னால் வளையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருண்டு வளையச் சொன்னால் அச்சு கொண்டா, பிரஸ் கொண்டா என்று அடம் பிடிக்கும். அதனால் இன்ஜினை மூடும் கௌலிங், இறக்கை நுனி, வால் நுனி, சக்கர உறை, மூட்டுகளை மறைக்கும் ஃபேரிங் எல்லாம் ஃபைபர்கிளாஸ். நேர்கோடு உலோகத்துக்கு, நெளிவு சுளிவு கண்ணாடிக்கு.

அச்சில் எடுத்த பாகம்தானே? பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்ட வேண்டியதுதானே? (பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்)

ஏற்றுமதி செய்கிறவர் கேட்கிற கேள்வியா இது? ஒரே அச்சில் வந்த மூடி ஊரெல்லாம் போகிறது. ஒவ்வொருவரும் ரிவெட் அடித்த லட்சணம் ஒவ்வொரு விதம். அதனால் ஓரங்களில் தாராளமாக விட்டே அனுப்புவார்கள், தையல்காரர் உள்ளே துணி மடித்து விடுகிற மாதிரி. அலுமினியப் பாகங்களுக்கு இப்போது கம்ப்யூட்டரே துளை போட்டு அனுப்பிவிடுகிறது. துளையும் துளையும் தானே கைகுலுக்கிக்கொள்ளும். ஃபைபர்கிளாஸுக்கு அந்தக் கொடுப்பினை முழுதாக வாய்க்கவில்லை. அதைப் பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும்.

ஆர்.வி.-7 கட்டுகிறேன், மாமா. கௌலிங்கை வைத்தால் புரொப்பெல்லர் மூக்குக் கூம்பான ஸ்பின்னருக்கும் அதற்கும் நடுவே இடது பக்கம் விரல் போகிறது, வலது பக்கம் காகிதம் போகவில்லை. தப்பு யார் மேல்? (கணவர், டெக்சாஸ்)

தப்பு யார் மேலும் இல்லை. அவசரம்தான் உங்கள் மேல். பின்பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்திருப்பீர்கள்.

முன்னாலிருந்து வாருங்கள். ஸ்பின்னரின் பின் தட்டுக்கும் கௌலிங்கின் முகத்துக்கும் இடையே சுற்றிலும் ஒரே இடைவெளி வேண்டும், இரண்டு நூல் வாக்கில். (நூல் தெரியாத இளைஞர்களுக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம். தச்சரைக் கேளுங்கள்.) அந்தக் கனத்துக்கு மரத்துண்டு வைத்து, மூக்கை ஸ்பின்னரோடு இறுக்கிப் பிடித்துவிடுங்கள். மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் அங்கே நிலைநிறுத்திய பிறகுதான் பின்பக்கம் இன்ஜின் அறைச் சுவரான ஃபயர்வால் ஓரத்தில் கோடு போட வேண்டும். மூக்கு உட்கார்ந்தால் பிடரி தானாக வழிக்கு வரும்.

வெற்றி! கௌலிங்கும் ஸ்பின்னரும் இம்மி பிசகாமல் ஒரே மட்டம். சபாஷ் போடுங்கள்! (அதே கணவர், அடுத்த கடிதம்)

பாதி சபாஷ்தான். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மெத்தைகள் மேல். நூறு கிலோவுக்கு மேல் பாரம். நாளாக ஆக ரப்பர் அமுங்கும், இன்ஜின் தலை தொங்கும், ஸ்பின்னரும் கூடவே இறங்கும். கௌலிங் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அதனால் அனுபவஸ்தர்கள் ஸ்பின்னரை முதலிலேயே அரை நூல், மிஞ்சினால் ஒரு நூல் உயர்த்தி விட்டுவிடுவார்கள். இன்று உறுத்தினால் நாளைக்குப் பொருந்தும்.

என் கணவர் அந்த மூடியை மாட்டுகிறார், கழற்றுகிறார், தேய்க்கிறார், மறுபடி மாட்டுகிறார். மனநிலை சரிதானா? (மனைவி, டெக்சாஸ்)

பூரண ஆரோக்கியம், தாயே. ஒரே வெட்டில் முடித்துவிட்டேன் என்று வந்து நின்றால்தான் டாக்டரைத் தேட வேண்டும்.

வெட்டுவதற்கு ஹாக்ஸா பிளேடு போதாதா? (வெல்டர், அம்பத்தூர்)

போதாது. ஃபைபர்கிளாஸில் இருப்பது நிஜக் கண்ணாடி இழை. உங்கள் பிளேடின் பல்லை மழித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. டயமண்டு தூளோ கார்பைடு தூளோ ஒட்டிய வட்டத் தகடுதான் லாயக்கு. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் கோடு. கோட்டுக்கு ஒரு நூல் வெளியே வெட்டு. மிச்சத்தை நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்.

கட்டை நீளமாக இருப்பது முக்கியம். குட்டைக் கட்டை மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி இரண்டையும் வளர்த்துவிடும்; நீளக் கட்டை மேட்டை மட்டும் கடிக்கும். மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டட்டும். கோட்டைத் தொடுகிற உரிமை கைக்கு மட்டும்தான்.

இன்னொன்று, இரண்டு பாகமும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விடுங்கள். பெயிண்டுக்கும் கனம் உண்டு. இறுக்கிப் பொருத்தினால் விளிம்பில் பெயிண்ட் உரசி உதிரும்.

மேலே ஃபைபர்கிளாஸ் மூடிவிட்டால் அடியில் இருக்கிற துளை கண்ணுக்குத் தெரியாதே. நேராக எப்படித் துளை போடுகிறார்கள்? (டூல் ரூம் சூப்பர்வைசர், ஓசூர்)

டார்ச் லைட். பெயிண்ட் படாத ஃபைபர்கிளாஸ் பாதி ஒளி விடும். உள்ளே கையை விட்டு டார்ச் அடியுங்கள். அலுமினிய விளிம்பு கறுப்பாகவும், அதில் இருக்கிற ஒவ்வொரு துளையும் மஞ்சள் பொட்டாகவும் மேலே தெரியும். பொட்டின் நடுவே பென்சில் வைத்துக் குறி, துளை போடு, கிளீக்கோ மாட்டு, அடுத்ததற்கு நகர். கிளீக்கோ என்பது ஸ்பிரிங் வைத்த தற்காலிக ரிவெட். 3/32 அங்குலத்துக்கு வெள்ளி நிறம், 1/8-க்குச் செம்பு நிறம், 5/32-க்குக் கறுப்பு. எழுத்தறிவில்லாத கையும் பிசகாது.

பாகம் பளபளக்கட்டும் என்று ஆசைப்பட்டு முன்கூட்டியே பிரைமர் அடித்தவர்களுக்கு இந்த விளக்கு எரியாது. அவர்கள் ஸ்கேல் பிடித்து அளக்கட்டும்.

இன்ஜினைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் உண்டாமே. மூடியைச் சாத்தியபின் அது எங்கே இடிக்கிறது என்று எப்படித் தெரியும்? (பம்ப்செட் பட்டறை உரிமையாளர், கோவை)

பட்டறைக்காரர் என்பது கேள்வியிலேயே மணக்கிறது. மூக்கின் இரண்டு வாய் வழியாக நுழைகிற காற்று சிலிண்டர்களுக்கு மேலே சேர்ந்து, துடுப்புகளுக்கு நடுவே கீழிறங்கி, அடிவயிற்று வழியாக வெளியேற வேண்டும். குறுக்கு வழியில் தப்பாமல் மறிப்பதற்கே அந்தத் தகடுகள். தகட்டுக்கும் கௌலிங்குக்கும் மூன்று நாலு நூல் இடம் விட்டு, மிச்சத்தை ரப்பர் பட்டையால் அடைப்பார்கள். இடம் போதாவிட்டால் இன்ஜின் ஆடும்போது தகடு மூடியை அறுக்கும்; அதிகமானால் காற்று நழுவி சிலிண்டர் கொதிக்கும்.

அளக்கிற வித்தை இதோ: தகட்டின் விளிம்பு நெடுகப் பேப்பர் கிளிப்புகளைச் செருகி, தலை மேலே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். கௌலிங்கை மெல்ல இறக்குங்கள். அது பட்ட இடத்தில் கிளிப்பை அழுத்தித் தள்ளும், படாத இடத்தில் விட்டுவிடும். மூடியை எடுத்தால் உள்வளைவு அப்படியே கிளிப் தலைகளில் வரிசை கட்டி நிற்கும். மொத்தச் செலவு ஒரு டப்பா கிளிப். கணினி நகல் எடுக்கும் கருவி விற்கிறவர் யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம்.

ஹார்டனரை இரண்டு சொட்டு கூட விட்டால், கண்ணாடித் துணியைப் பிடிக்கிற எபாக்ஸி பசை சீக்கிரம் இறுகுமா? (அச்சகத் தொழிலாளி, சிவகாசி)

இறுகாது. உங்கள் முகம்தான் இறுகும். சொட்டுக் கணக்கு பாலியெஸ்டர் ரெசினின் பழக்கம். அங்கே ஊக்கியை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் ரெசினும் ஹார்டனரும் ஜோடி சேர்ந்தே வினைபுரிகின்றன. ஜோடி கிடைக்காதது கடைசிவரை பிசுபிசுத்துக்கொண்டே நிற்கும். டப்பாவில் 5-க்கு 1 என்றால் 5-க்கு 1. அது எடைக் கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கராஜில் இவர் கலக்கி வைத்த கப் தானாகப் புகைந்தது. பேயா, கெமிஸ்ட்ரியா? (மனைவி, டெக்சாஸ்)

கெமிஸ்ட்ரி. எபாக்ஸி இறுகும்போது சூடு கக்கும். ஆழமான கப்பில் சூடு வெளியேற முடியாமல் வினையை விரட்டும். வினை இன்னும் சூட்டைக் கிளப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் பரப்பச் சொல்லுங்கள். புகைகிற கப்பைக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. வெளியே சிமென்ட் தரையில் வைத்து ஆறவிடட்டும்.

கூடவே ஒரு விசாரணை: உங்கள் அடுப்படியில் அளவுக் கரண்டி ஏதாவது காணவில்லையா? கிடைத்தாலும் திரும்பச் சேர்க்காதீர்கள்.

கண்ணாடித் தூள் பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. நிவாரணம்? (கணவர், டெக்சாஸ்)

முழுக்கைச் சட்டை, முகக் கவசம். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் தேய்க்காமல் குளியல். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் தூள் இன்னும் உள்ளே போகும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். இல்லையென்றால் குடும்பமே சொறியும்.

அரிப்பு போய்விடும், தம்பி. எபாக்ஸி ஒவ்வாமை வந்தால் போகாது. வெறுங்கையால் தொட்டுத் தொட்டு ஒருநாள் உடம்பு முரண்டு பிடித்துவிட்டால், பிறகு அந்த வாசனையே ஆகாது. பாதி விமானத்தோடு நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள். அது எபாக்ஸியைத் தோலுக்குள் கூட்டிப்போகும்.

இடைவெளி இருந்தால் பட்டி பார்த்து மறைத்துவிட வேண்டியதுதானே? நாங்கள் தினம் அதைத்தானே செய்கிறோம்! (டிங்கர், புதுப்பேட்டை)

புதுப்பேட்டைக்கு வணக்கம். மூன்று காரின் பாகங்கள் ஒரே காராக ஓடுகிற அதிசயத்தை உங்கள் தெருவில்தான் பார்க்கலாம். ஆனால் அது தரையில் ஓடுகிறது அண்ணே. இங்கே பூசுகிற ஒவ்வொரு கிராமையும் இறக்கை தூக்கியாக வேண்டும்.

பட்டியிலும் ஜாதி உண்டு. எபாக்ஸியில் மைக்ரோபலூன் கலந்தது ஒன்று. உள்ளே காலியான கண்ணாடி நுண்ணுருண்டைகள். லேசு, தேய்க்கச் சுகம், பலம் பூஜ்யம். பஞ்சு இழை கலந்த ஃப்ளாக்ஸ் இன்னொன்று; பலசாலி, தேய்க்கப் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். முதலாவது அழகுக்கு, இரண்டாவது ஆயுளுக்கு. மாற்றிப் பூசுகிறவருக்கு இரண்டும் இல்லை.

சரி, வால் சுக்கானில் பட்டி கொஞ்சம் தடித்துப் போனால் குடியா முழுகிவிடும்? (அதே டிங்கர், விடாமல்)

முழுகலாம். இந்த ஒரு பதிலில் மட்டும் சிரிப்பு கிடையாது. சுக்கான், எலிவேட்டர், ஐலரான் என்று விமானத்தைத் திருப்பும் அசையும் பாகங்கள் எல்லாம் கீலுக்கு முன்னால் இவ்வளவு எடை, பின்னால் இவ்வளவு என்று சமன் பார்த்தவை. பின்னால் பட்டியும் பெயிண்டும் ஏற ஏறச் சமன் குலையும். குலைந்தால், ஏதோ ஒரு வேகத்தில் அந்தப் பாகம் தானாகப் படபடக்க ஆரம்பிக்கும். ஃப்ளட்டர் என்பார்கள். சில நொடிகள்தான், வாலே பிய்ந்து போகும். பெயிண்ட் அடித்தபின் மறுபடி சமன் பார் என்று கையேட்டில் சொல்லியிருப்பது பக்கத்தை நிரப்ப அல்ல.

பிரைமர் அடித்ததும் கௌலிங் முழுக்க ஊசித் துளைகள் முளைத்துவிட்டன. அழுகையாக வருகிறது. (கணவர், டெக்சாஸ்)

முளைக்கவில்லை, முன்னமே இருந்தன. பிரைமர் காட்டிக்கொடுத்துவிட்டது. துணி இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்று அது. பெயிண்ட் மூடிவிடும் என்று நம்பாதீர்கள். பெயிண்ட் துளையின் வாயில் ஒதுங்கி, இன்னும் அகலமாகக் காட்டும்.

பாகத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்குங்கள். தண்ணீர்ப் பதத்து எபாக்ஸியை ரப்பர் தகட்டால் அழுத்தி இழுத்துப் பூசுங்கள். ஆறும்போது துளைக்குள் காற்று சுருங்கி எபாக்ஸியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் தேயுங்கள், மறுபடி பூசுங்கள். அழுவதானால் தேய்க்கும்போது அழலாம், நேரம் மிச்சம். ஹேர் டிரையர் யாருடையது என்பதை நான் கேட்கப் போவதில்லை. வீட்டில் கேட்பார்கள்.

எபாக்ஸி எதில்தான் ஒட்டாது? (ஸ்டேஷனரி கடைக்காரர், திண்டுக்கல்)

நீங்கள் விற்கிற பிரவுன் டேப்பில். பார்சல் ஒட்டும் டேப்பை அலுமினியத்தின் மேல் ஒட்டி, அதன் மேல் கண்ணாடித் துணியும் எபாக்ஸியும் போட்டு ஃபேரிங் செய்வார்கள். காய்ந்ததும் கழன்று வந்துவிடும், வளைவு அச்சு அசல். விமானத் தொழில்நுட்பத்தின் ஒரு முக்கியக் கருவி உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

சென்னை ஈரக் காற்றில் இந்த வேலை நடக்குமா? (ஐ.டி. ஊழியர், பெருங்குடி)

ஏ.சி. போட்டால் நடக்கும். ஈரம் அதிகமானால் இறுகிய எபாக்ஸி மேல் மெழுகாட்டம் ஒரு படலம் படியும். முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுப் பிறகுதான் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டுக் கழுவினால் அழுக்கை நீங்களே உள்ளே அரைத்துவிட்டீர்கள். மேலே பூசுவது ஒட்டாது.

எங்கள் ஃபைபர் படகும் இதே சரக்குதானா? (மீனவர், நாகப்பட்டினம்)

கண்ணாடித் துணி ஒன்றுதான், ரெசின் வேறு. படகுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர். விலை குறைவு, வேலை வேகம். விமானத்தில் நுரைக் கட்டைக்கு மேல் துணி போர்த்துகிற இடத்தில் அதை ஊற்றிப் பாருங்கள், தெர்மாகோல் ஜாதி நுரை கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். எபாக்ஸி நுரையைத் தொந்தரவு செய்யாது. பலகை போனால் ஒட்டுப் போட்டுக் கடலுக்குப் போகிற உங்கள் கைக்கு, இந்த அமெரிக்கர்கள் புலம்புவது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அச்சே இல்லாமல் முழு விமானத்தையும் கண்ணாடியில் செய்ய முடியாதா? (ஏரோநாட்டிக்கல் மாணவி, குரோம்பேட்டை)

செய்தாயிற்று, அம்மா. பர்ட் ரூட்டன் என்கிற மேதை 1975-ல் வேரிஈஸி என்ற விமானத்தைப் பறக்கவிட்டார். வால் பார்க்க வேண்டிய வேலையை முன்னாலிருக்கும் குட்டி இறக்கை பார்க்கும், புரொப்பெல்லர் பின்னால். சூடேற்றிய கம்பியால் நுரைக் கட்டையை இறக்கை வடிவில் அறுத்து, மேலே கண்ணாடித் துணியைப் போர்த்தி எபாக்ஸி ஊற்றுகிற முறை. பின்னாலேயே லாங்ஈஸி வந்தது. வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கி, கராஜில் ஆளாளுக்குக் கட்டினார்கள்.

லாங்ஈஸி எல்லாம் ஏன் வெள்ளையாகவே இருக்கிறது? கறுப்பில் கம்பீரமாக இருக்குமே! (அதே மாணவி)

வெயிலில் நிற்கும் கறுப்பு இறக்கையின் சூட்டில் எபாக்ஸி இளகத் தொடங்கும். கம்பீரம் தரையிலேயே வளைந்துவிடும்.

பாடகர் ஜான் டென்வர் லாங்ஈஸியில்தானே செத்தார்? ஃபைபர்கிளாஸ் உடைந்ததா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடா. எரிபொருள் தொட்டி மாற்றும் திருகை, வரைபடம் சொன்ன இடத்தில் வைக்காமல், விமானத்தைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். டென்வர் அதைக் கட்டியவர் அல்ல, வாங்கியவர். அதை எட்டித் திருப்ப உடம்பைத் திருகியபோது கட்டுப்பாடு போயிருக்கிறது என்பதே விசாரணை கண்டது. ஒரு திருகு, இடம் மாறி.

உலகின் முதல் கண்ணாடி விமானம் யார் செய்தது? (வினாடி வினா பிரியர், சேலம்)

1957-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர்களும் பொறியாளர்களும் பறக்கவிட்ட ஃபீனிக்ஸ் என்ற கிளைடர். இன்ஜின் வைத்து அமெரிக்காவில் அரசுச் சான்றிதழ் வாங்கியதில் முதல், 1969-ன் விண்டெக்கர் ஈகிள். உருவாக்கியவர் டெக்சாஸ்காரர், லியோ விண்டெக்கர், தொழிலில் பல் டாக்டர். ஓட்டை அடைப்பதில் அவரைவிடத் தகுதியானவர் யார்?

கார்பன் ஃபைபர் காலத்தில் இன்னும் கண்ணாடியா? (கார் பந்தயப் பிரியர், இருங்காட்டுக்கோட்டை)

கார்பன் இறக்கை நுனிக்குள் ஆன்டெனாவை ஒளித்து வைத்தால் அது செவிடாகிவிடும், கார்பன் மின்கடத்தி. கண்ணாடி ரேடியோவை மறிக்காது. அதனால்தான் ஆர்.வி.காரர்கள் இறக்கை நுனிக்குள்ளேயே ஆன்டெனாவைப் பதுக்குகிறார்கள். அப்புறம், கார்பனை அலுமினியத்தோடு நேரடியாக உரசவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். கண்ணாடிக்கு அந்தக் குடும்பச் சண்டை கிடையாது. விலையைப் பற்றி நான் பேசவே இல்லை.

சக்கர உறையை விமானம் நிற்கும்போதுதானே மாட்டுவார்கள்? (டயர் கடைக்காரர், நாமக்கல்)

அங்கேதான் பலர் கோட்டை விடுவது. தரையில் நிற்கும்போது எடை விழுந்து கால்கள் அகன்றிருக்கும். பறக்கும்போது அப்படி இருக்காது. ஆகவே விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தில் பாரமே இல்லாமல், பறக்கும் மட்டத்துக்குச் சமன் செய்து, மையக் கோட்டுக்கு இணையாக உறையைப் பொருத்த வேண்டும். காற்றைக் கிழிப்பதற்கு வைக்கிற உறை. கோணலாக மாட்டினால், காசு கொடுத்து பிரேக் வாங்கினீர்கள்.

கானபியை எப்போது வெட்டலாம்? நல்ல நேரம் உண்டா? (கணவர், டெக்சாஸ்)

உண்டு: கோடை நடுப்பகல். விமானி தலைக்கு மேலிருக்கும் அந்தக் கூண்டு அக்ரிலிக், குளிரில் வெட்டினால் பளீரென்று விரிசல் ஓடும். விளிம்பைத் தேய்த்து மழுங்க வையுங்கள். ஒரு சின்னப் பிசிறு போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மேலே ஃபைபர்கிளாஸ் ஓரம் போடும்போது டேப் ஒட்டி மூடுங்கள். அசிட்டோன் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள்.

இறக்கை நுனி உடைந்தும் பறந்த விமானம் உண்டா? (பஸ் கண்டக்டர், விழுப்புரம்)

உலகத்தையே சுற்றியிருக்கிறது. ரூட்டனின் வாயேஜர், 1986 டிசம்பர் 14. எரிபொருள் பாரத்தில் இறக்கைகள் தொங்கி, ஓடுதளத்தில் நுனிகள் உரசிக்கொண்டே கிளம்பியது. நுனித் துடுப்புகள் வானத்தில் பிய்ந்து விழுந்தன. விமானிகள் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் திரும்பவில்லை. எங்கும் இறங்காமல், எங்கும் எண்ணெய் போடாமல், 9 நாளில் உலகத்தைச் சுற்றி டிசம்பர் 23-ல் இறங்கினார்கள். இதைச் சாக்காக வைத்து உங்கள் பஸ்ஸின் பம்பரைக் கட்டுக்கம்பியால் கட்டி ஓட்டாதீர்கள்.

இந்தியாவில் இப்படி ஏதாவது? (வாசகர், புதுச்சேரி)

ஆய்வகத்தில் உண்டு. பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்ஸா, இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், உடம்பு முழுக்கக் கலப்பு இழைப் பொருள். 1993-ல் முதலில் பறந்தது.

எபாக்ஸி வேலைக்கு மிக முக்கியமான கருவி எது? (கணவர், டெக்சாஸ்)

நாற்காலி. வெட்டும் முன் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவும்.

சந்தேகம் கேட்க அங்கே ஆள் உண்டா, அல்லது உங்களுக்கே தபால் போட வேண்டுமா? (அதே கணவர்)

எனக்குப் போதும் சாமி! பால் போபரெஸ்னி 1953-ல் மில்வாக்கியில் தொடங்கிய, வீட்டு விமானம் கட்டுவோரின் ஈ.ஏ.ஏ. சங்கம் இருக்கிறது. அதன் தொழில்நுட்ப ஆலோசகர்கள் உங்கள் கராஜுக்கே வந்து, தகட்டை மூடுவதற்கு முன் பார்த்துச் சொல்வார்கள், காசில்லாமல். ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினின் ஆஷ்காஷில் நடக்கும் அவர்கள் திருவிழாவுக்குப் போய்வாருங்கள். அடுத்தவர் கௌலிங்கைத் தடவிப் பார்க்கிறவர்கள் கூட்டமாகத் திரிவார்கள். உங்களை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஒருவழியாக முடித்துவிட்டார். முதல் தடவை கிளம்பும்போதே பக்கத்தில் நீதான் உட்கார வேண்டும் என்கிறார். ஏறலாமா, மாமா? (மனைவி, டெக்சாஸ்)

ஏறாதீர்கள், சட்டமே விடாது. சோதனைக் கட்டம் என்று ஒன்று உண்டு. சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அதுவரை சோதனை வேலைக்கு அவசியமானவர் தவிர பயணி யாரும் கூடாது. முதல் பறப்புக்கே கூப்பிடுகிறார் என்றால், அன்பு இருக்கிறது, விதிப் புத்தகம் படிக்கவில்லை.

அது கழிந்ததும் தாராளமாக ஏறுங்கள். இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லா வீட்டு விமானத்திலும் அது இருக்கும். கௌலிங்கின் கீல் கம்பிகள் எல்லாம் உள்ளே போய் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் அவரோடு சேர்ந்து ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வராது. ஆர்.வி.-7-ல் இரண்டே சீட்டு, இரண்டும் ஜன்னல் சீட்டு.